உளுந்தங்களியில் கலந்தது

ஜனவரி 12, ஞாயிறு

விண்ணரசி இந்த டைரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாரோ மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்ததாம். பேச ஆளில்லை என்று நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். ஆனாலும் கோயில் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் என் கையெழுத்தைத்தான் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்.

என் பெயர் அமலோற்பவம் மச்சாது. சொந்த ஊர் தூத்துக்குடி. வயது எழுபத்தொன்று. இப்போது இருப்பது போர்ச்சுகல் தேசத்தில், லிஸ்பன் பட்டணத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில், மகள் வீட்டில். தெருமுனை ரொட்டிக்கடைக்காரியின் பெயரும் மச்சாதுதானாம். அவளுடைய முன்னோர்தான் எங்களுக்குப் பெயர் கொடுத்தார்கள் என்று விண்ணரசி சொன்னாள். நானூறு வருஷத்துக்கு மேலாக அதைக் கெடாமல் வைத்திருக்கிறோம் என்று அவளிடம் சொல்லச் சொன்னேன். விண்ணரசி சொல்லவில்லை, சிரித்துவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

நான் இங்கே வந்தது என் பேரன் தோமாசுக்காக. எனக்கு அவன் தொம்மை. அவனுடைய அப்பா கோவாக்காரர், கப்பல் சமையல்காரர், போர்ச்சுகல் குடியுரிமை உள்ளவர். கப்பலிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். விண்ணரசி தனியாக நின்று வளர்த்தாள். தொம்மை ஏழு வயதில் பந்தைத் தொட்டான், பத்தொன்பதில் முதல் டிவிஷனில் ஆடினான். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போர்ச்சுகல் அணியில் தேசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். அந்தப் படம் எங்கள் தெருவில் எல்லார் வீட்டு ஃபோனிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு முட்டியில் சவ்வு கிழிந்தது. சரியாகி வந்தான். இன்னொரு கிளப்புக்குப் போனான். அதே முட்டி மறுபடியும் கிழிந்தது. இரண்டாம் ஆப்பரேஷனுக்குத்தான் நான் அக்டோபரில் வந்தேன். இப்போது இவன் இருப்பது இரண்டாம் டிவிஷன் கிளப்பில். வயது இருபத்தேழு.

அவன் ஆடுவது நடுக்களம். கோல் அடிக்கிறவனைத்தான் ஊர் தூக்கிக்கொண்டு ஆடும். நடுக்களத்துக்காரன் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அது எங்கே போகவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கவேண்டும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். திருவிழாப் போட்டிகளில் வெறுங்காலோடு அந்த இடத்தில்தான் ஆடினார். ஆகவே எனக்கு விளையாட்டுத் தெரியும்.

ஜனவரி 15, புதன்

மழை. துணி காயவில்லை. வெங்காயம் இங்கே இனிக்கிறது, குழம்பு குழம்பாகவே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

தொம்மை பயிற்சி முடிந்து நொண்டிக்கொண்டு வந்தான். முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஐஸ் பையை வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தான். கூட நூனோ வந்திருந்தான். நூனோ கிளப்பில் கால் பிடித்துவிடுகிறவன், உடற்பயிற்சி கொடுக்கிறவன். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சேக்காளிகள். என்னை "அவோ" என்று கூப்பிடுவான், பாட்டி என்று அர்த்தமாம். நான் பொரித்த சாளை மீனை முள்ளோடு தின்பான்.

நூனோ போன பிறகு தொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஜூன் மாசத்தோட என் காண்ட்ராக்ட் முடியுது பாட்டி. அதுக்குள்ள நாலு மேட்ச் ஒழுங்கா ஆடலன்னா என்னைய யாரும் எடுக்க மாட்டாவ."

எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறேன் என்றேன். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். எண்ணெய் பாட்டிலைப் படம் எடுத்து அந்த டாக்டருக்கு அனுப்பினான். அவர் வேண்டாம் என்றாராம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதியில்லையாம். அந்த டாக்டருக்கு என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். நான் எத்தனை பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறேன் என்று அவருக்கு யார் சொல்வது.

லியோனி மதினிக்கு ஃபோன் போட்டேன். லியோனி என் வீட்டுக்காரரின் தங்கை. விஷயத்தைச் சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஊரிலிருந்து பார்சல் வந்தது. கருப்பட்டி, கருப்பு உளுந்து, நெத்திலிக் கருவாடு, மாதா படம். கருவாட்டுக்கு நடுவில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறையக் கருப்புப் பொடி. எங்கள் பக்கத்து வைத்தியர் ஒருவர் கொடுப்பது. மதினியின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தவர், இதைச் சாப்பிட்டுத்தான் எழுந்து கோயிலுக்கு நடந்துபோனார். மதினி ஃபோனில் சொன்னாள்:

"மூணாம் நாளே வீக்கம் வத்திரும் மதினி. வெறும் மூலிகதான். நீங்க யோசிக்காதிய."

பொடியைத் தொம்மையிடம் காட்டவில்லை. காட்டினால் படம் எடுத்து அனுப்புவான், டாக்டர் வேண்டாம் என்பார். அவன் கிளப்பில் இருமல் மருந்து குடிப்பதற்குக்கூட அனுமதி கேட்கவேண்டும். வாயில் போடுவது எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு, நாளைக்குத் தானே பதில் சொல்லவேண்டும் என்று பிள்ளை பயப்படுகிறான். அவன் பயப்படட்டும். பாட்டிலை மிளகாய்த்தூளுக்குப் பின்னால் வைத்தேன்.

பிப்ரவரி 8, சனி

உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டி நிறைய, நல்லெண்ணெய் கை நிறைய. இடுப்புக்கும் எலும்புக்கும் அதைவிட நல்லது இந்த உலகத்தில் கிடையாது. தொம்மை தட்டைக் காலி செய்தான். மற்றது மாதாவின் பொறுப்பு.

பிப்ரவரி 13, வியாழன்

களி. குளிர் குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கு என் தொம்மை மாடிப்படியில் ஓடி ஏறினான். நான் அடுக்களையில் இருந்தேன், அந்தச் சத்தத்தைக் கேட்டேன். முட்டியில் வீக்கம் இல்லை. நூனோவே ஆச்சரியப்பட்டான். கட்டைவிரலால் முட்டியைச் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கையையும் எனக்குத் தூக்கிக் காட்டி, இந்தக் கைதான் காரணம் என்பது மாதிரி மார்தட்டிக்கொண்டான். விண்ணரசி அவனுக்கு நன்றி சொன்னாள். நான் அவனுக்கு இன்னும் இரண்டு சாளை வைத்தேன்.

தினமும் காலையில் களி கேட்கிறான். அம்மா செய்தால் வேண்டாமாம், பாட்டி கிண்டினால்தான் வேண்டுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

என்னையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சேலைக்கு மேலே விண்ணரசியின் கோட்டு, கழுத்தில் கிளப்பின் பச்சைத் துண்டு. பக்கத்தில் இருந்த கிழவர் எனக்குச் சூரியகாந்தி விதை கொடுத்தார்.

தொம்மையை முதலிலிருந்தே இறக்கினார்கள். எதிராளி இரண்டு பேர் முட்டிக்கொண்டு வர, இவன் பந்தை வாங்குவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வாங்கின உடனே ஒரே தட்டில் வலது ஓரத்துக்கு அனுப்பினான். அங்கே யாருமே இல்லை என்று நினைத்தேன். ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். கோல். எல்லாரும் கோல் அடித்தவனிடம் ஓடினார்கள். அந்தக் கிழவர் மட்டும் தொம்மையைக் கைகாட்டி என்னவோ சொன்னார். அவருக்கு விளையாட்டுத் தெரியும். அவன் என் பேரன் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாழ்ந்தது போதும் என்று தோன்றியது.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடியும் ஜெயித்தார்கள். தொம்மை வெளியே வர நேரமாகிவிட்டது. ஊக்கமருந்து சோதனைக்கு அவன் பெயர் வந்ததாம், மூத்திரம் எடுத்துக்கொண்டுதான் விட்டார்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தும் வரவில்லை என்று அவனும் நூனோவும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 29, சனி

வடக்கே முதல் டிவிஷன் கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஜூலையில் அங்கே போவது கிட்டத்தட்ட முடிவாம். மதினியிடம் சொன்னேன். அவள் பங்குச்சாமியிடம் சொல்லிவிட்டாள். பூசையில் அறிவித்தார்களாம். ஆகஸ்டில் திருவிழாக் கால்பந்துப் போட்டிக்குத் தொம்மைதான் கோப்பை கொடுக்க வரவேண்டுமாம். வருவான் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளியில் முழங்கால் உரு செய்து மாதாவுக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தொம்மைக்கு ஃபோன் வந்தது. நின்றுகொண்டு பேசியவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். விண்ணரசி ஃபோனை வாங்கி அவளும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அவன் மூத்திரத்தில் தடை செய்த மருந்து இருக்கிறதாம். வீக்கத்தை அமுக்குகிற இங்கிலீஷ் மருந்தாம், ஸ்டீராய்டு வகையாம். இன்றிலிருந்து ஆடக்கூடாது, பயிற்சிக்கும் போகக்கூடாது. தொம்மை தான் எதையுமே எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். போர்ச்சுகீஸில் சொன்னான், பிறகு தமிழில் எங்களிடம் சொன்னான்.

இங்கிலீஷ் மருந்து என்றுதான் சொன்னார்கள். மூலிகை என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வீட்டில் இருக்கிற மாத்திரை, சத்துமாவு எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைக்கச் சொன்னான் தொம்மை. ஒவ்வொன்றாகப் படம் எடுத்தான். அதிகாரிகள் வீட்டுக்கு வந்தாலும் வருவார்களாம். அடுக்களையில் வேறு எதுவும் இருக்கிறதா என்று விண்ணரசி கேட்டாள். மசாலாதான் என்றேன்.

அவள் வேலைக்குப் போன பிறகு அடுக்களையைச் சுத்தம் செய்தேன். அலமாரித் தட்டுகளைத் துடைத்துக் காகிதம் மாற்றினேன். சாயந்தரம் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். ஒரு பாட்டிலை ஆற்றில் போட்டேன். கால் வலிக்கிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இங்கே தென்னை ஓலை இல்லை. ஒலிவ இலைக் கொத்துதான் கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செபம் வரவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நூனோ வந்தான். நான் கதவைத் திறந்தேன், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். தொம்மை அவனை உட்காரச் சொல்லவில்லை.

பேச்சு எனக்குப் புரியவில்லை, விண்ணரசி பிறகு சொன்னாள். முட்டிக்குத் தடவ நூனோ ஒரு களிம்பு கொடுத்திருக்கிறான், பயிற்சிக்குப் பின் குடிக்க ஒரு பொடியும் கலந்து கொடுத்திருக்கிறான். பிப்ரவரியில்தான் அதெல்லாம் ஆரம்பித்ததாம். முட்டியும் பிப்ரவரியில்தான் சரியானது. தொம்மை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். அந்தப் பொடியில் என்ன கலந்தாய் என்று கேட்டான். நூனோ முதலில் சிரித்தான், விளையாட்டாகக் கேட்கிறான் என்று நினைத்திருக்கிறான். பிறகு அழுதான். ஆறடி ஆள், வாசலில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். போகும்போது என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. எனக்கு அவன் பாஷை தெரியாது.

ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்ததால் தலை சுற்றியது, படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

கிளப்பில் நூனோவை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம்.

லியோனி மதினிக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பொடியில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாளாம். பரம்பரை மருந்து, வெளியே சொல்கிற வழக்கமில்லை என்று கோபப்பட்டாராம். "ஏன் மதினி, பிள்ளைக்கு ஒத்துக்கிடலையா?" என்றாள். ஒத்துக்கொண்டது என்றேன். சும்மா கேட்டேன் என்றேன்.

மே 14, புதன்

வக்கீல் அம்மா வீட்டுக்கே வந்தார். வயது முப்பதுதான் இருக்கும். நான் கொடுத்த காப்பியை ருசித்துக் குடித்தார். விண்ணரசி எனக்கு மொழிபெயர்த்தாள்.

அந்த மருந்து உடம்புக்குள் எப்படி வந்தது என்று காட்டினால்தான் தப்பிக்கலாமாம். தெரியாமல் வந்தது என்பதை நிரூபித்தால் சில மாதத்தோடு போய்விடும், தண்டனையே இல்லாமல் விட்டாலும் விடலாம். இல்லையென்றால் இரண்டு வருஷம். நூனோவின் களிம்பையும் பொடியையும் சோதித்துவிட்டார்கள், அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தொம்மை நம்பவில்லை, நூனோ சோதனைக்கு வேறு டப்பாவைக் கொடுத்திருப்பான் என்கிறான். எந்தப் பொருளால் வந்தது என்று தெரிந்து, அது ஒரு சிட்டிகை கையில் இருந்தாலும் போதும் என்றார் வக்கீல் அம்மா. ஒரு சிட்டிகை என்பதற்கு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அதை விண்ணரசி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மே 15, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

மே 19, திங்கள்

தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து ஆற்றுக்குப் போனேன். பாட்டிலை மூடி இறுக்கித்தான் போட்டிருந்தேன். கல்லுக்கிடையில் சேறு தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மட்டி தோண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கரையேற்றினாள், சத்தம் போட்டாள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டிருப்பாள். பாட்டிலை எப்படிக் கையால் காட்டுவது. காட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் தேடினாள். ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள், அது சாராய பாட்டில்.

கடலோரத்தில் பிறந்தவள் நான். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற கடல் வேறு, இது வேறு.

மே 25, ஞாயிறு

இன்று மத்தியானம் சொல்லிவிட்டேன்.

சோறு எடுத்து வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். பொடி வந்தது, களியில் கலந்தது, ஆற்றில் போட்டது, எல்லாம். தொம்மை ரசத்தில் கையை வைத்தபடியே இருந்தான். விண்ணரசிதான் முதலில் பேசினாள்.

"நீ சும்மா இரும்மா. அவனக் காப்பாத்தணும்னு நீ பழியத் தலையில தூக்கி வச்சுக்காத."

நான் பழி தூக்கவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன் என்றேன். அப்படியென்றால் ஒரு மாதத்துக்கு மேலாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். வக்கீல் வந்து வழி இருக்கிறது என்று சொன்ன பிறகுதானே உனக்கு இந்தக் கதை தோன்றியது என்றாள்.  

தொம்மை எழுந்து கையைக் கழுவினான். வக்கீலுக்கு ஃபோன் போட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

வக்கீல் சொன்னபடி மதினி அதே வைத்தியரிடம் புதிய பாட்டில் வாங்கி அனுப்பியிருந்தாள். அதைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். இன்று முடிவு வந்தது. அதில் ஒன்றுமே இல்லையாம். சுக்கு, மிளகு, என்னென்னவோ வேர். சுத்தமான மூலிகையாம்.

அந்த ஆளுக்கு மதினி வழியாக எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு சுத்தமானதைக் கொடுத்திருக்கிறான். இதை நான் சொன்னால் யார் கேட்பார்கள். விண்ணரசி என் தோளில் கைவைத்து, "போதும்மா, விடு" என்றாள். அவ்வளவு பிரியமாக அவள் என்னிடம் பேசிப் பல வருஷம் ஆகிறது.

ஜூன் 30, திங்கள்

தொம்மையின் காண்ட்ராக்ட் முடிந்தது. கிளப் அறையிலிருந்து பூட்ஸ், முட்டிக்கட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு வந்தான். வடக்கே உள்ள கிளப் வேறு நடுக்களத்துக்காரனை எடுத்துவிட்டது.

கத்திரிக்காய் வாங்கினேன், உள்ளே எல்லாம் விதை.

ஜூலை 8, செவ்வாய்

விசாரணை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். பட்டுச்சேலை கட்டியிருந்தேன். திரையில் மூன்று பேர். எனக்குத் தமிழில் சொல்வதற்கு லண்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை பேசினாள். மரியாதையான பிள்ளை. பைபிளில் கைவைத்து உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தேன்.

எவ்வளவு போட்டேன், எப்போது போட்டேன், எல்லாம் கேட்டார்கள். சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளை கேட்டாள்.

"மிச்சத்தை ஏன் ஆத்துக்குள்ள எறிஞ்சனீங்கள் அம்மா?"

பயம் என்றேன். எதற்குப் பயம், மூலிகைதான் என்று நம்பினீர்கள் அல்லவா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று கேட்டார். பேரனுக்காக நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். இதை ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு நன்றாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

"என் உசிரக் குடுப்பேன்" என்றேன்.

அந்தப் பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். வக்கீல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 29, செவ்வாய்

இரண்டு வருஷம்.

என் வாக்குமூலம் பாசத்தால் சொன்னது, அதற்கு ஆதாரம் எதுவுமில்லை, ஏற்க முடியாது என்று தீர்ப்பு. இரண்டு வருஷம் எந்தக் கிளப்பிலும் ஆடக்கூடாது, பயிற்சி எடுக்கக்கூடாது, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடாது. அதற்குப் பிறகு அவனுக்கு முப்பது வயது நெருங்கிவிடும். இரண்டு தடவை கிழிந்த முட்டியை யார் எடுப்பார்கள்.

மேல்முறையீடு வேண்டாம் என்று தொம்மை சொல்லிவிட்டான். ஒரு மீன் டப்பாக் கம்பெனியில் வேலைக்குப் போகிறான். பெட்டி ஏற்றும் வேலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஊரில் மாதா திருவிழா. மதினி ஃபோனில் தேரைக் காட்டினாள். கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால்பந்துக் கோப்பையை யாரோ போலீஸ் அதிகாரி கொடுத்தாராம். தொம்மைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பங்குச்சாமியிடம் மதினி சொல்லியிருக்கிறாள். எனக்காகத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தொம்மை வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, அடுக்களையில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கையெல்லாம் அட்டைப்பெட்டி கிழித்த கோடு. என் தலையை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தான்.

"பைபிள்ல கைய வச்சு எனக்காகப் பொய் சொன்னியே பாட்டி. யாரு செய்வா?"

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். நூனோவைப் பற்றிப் பேசினான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், எங்கேயும் வேலை கிடைக்கவில்லையாம். நல்லா வேணும் என்றான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தொம்மை எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு வந்தான். கோயிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். ரொட்டிக்கடை மச்சாதுவிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு இனிப்பு ரொட்டி சும்மா கொடுத்தாள். தின்ன முடியவில்லை. 

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஊருக்குப் போகிறேன் என்றேன். இருவரும் தடுத்தார்கள். பிடிவாதம் பிடித்தேன். விண்ணரசி டிக்கெட் போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

விமானத்துக்குக் காத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எழுத்தாக இல்லை.

விண்ணரசிக்கு வேலை. தொம்மைதான் காரில் கொண்டுவந்தான். எனக்குச் சக்கர நாற்காலி சொல்லியிருந்தான். அதைத் தள்ளுகிற பெண் வரும் வரைக்கும் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் செருப்பு வாரை மாட்டிவிட்டான். அந்த முட்டியை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தான். அப்புறம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"இப்பவாச்சும் எங்கிட்ட மட்டும் சொல்லு. நீ ஒண்ணும் கலக்கலதானே?"

அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது. கலக்கவில்லை என்று சொன்னால் போதும். அவன் என்னைச் சாகும்வரை கும்பிட்டுக்கொண்டு இருப்பான். ஊரில் போய் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். நான் இதையெல்லாம் யோசித்தேன். மறைக்கவில்லை, யோசிக்கத்தான் செய்தேன்.

"மொத நாளு கசக்குன்னு துப்பப் போனியே, ஞாபகம் இருக்கா" என்றேன். "வெந்தயம் கூடிட்டுன்னு சொன்னேன்லா. உளுந்தங்களிக்கு யாரும் வெந்தயம் போட மாட்டாவல. அது வெந்தயம் இல்ல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை.

 அவன் என் செருப்பிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கு அந்தக் கசப்பு ஞாபகம் வந்துவிட்டது என்று அவன் வாயைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நாள் என்றான். வீக்கம் வற்றிய பிறகும் விடாமல் போட்டேன் என்றேன். சோதனை அன்றைக்கும் காலையில் சாப்பிட்டான் என்றேன். அப்போ நூனோ என்றான். 

கையை ஊன்றி எழுந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் கூப்பிட்டான். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். தொம்மை "தெஷ்குல்பா" என்றான். இந்த ஊரில் மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அது. நூனோ என்று பெயரைச் சொல்லி மறுபடியும் அதையே சொன்னான். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

சக்கர நாற்காலியைத் தள்ளுகிற பெண் வந்துவிட்டாள். போயிட்டு வாறேன் தொம்மை என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டே இருந்தான்.

பேசட்டும்.